கூட்டினால் பொருந்தாது: விகிதத்தைக் கையால் கற்பிக்கச் சில செயல்பாடுகள்

ஆறாம் வகுப்பில் விகிதப் பாடம் தொடங்கும் முன் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். குட்டையனின் உயரத்தைப் பொத்தான்களை அடுக்கி அளந்தால் 4 பொத்தான், பேப்பர் கிளிப்பால் அளந்தால் 6 கிளிப். நெட்டையனின் உயரம் 6 பொத்தான். அவனைக் கிளிப்பால் அளந்தால் எத்தனை வரும்?

வகுப்பில் கணிசமானவர்கள் 8 என்பார்கள். "பொத்தான் ரெண்டு கூடியிருக்கு, அதனால கிளிப்பும் ரெண்டு கூடும்" என்று காரணமும் சொல்வார்கள். சரியான விடை 9. இயற்பியலாளராக இருந்து அறிவியல் கல்விக்கு வந்த ராபர்ட் கார்ப்பிளஸ் 1970களில் அமெரிக்கப் பள்ளிகளில் இதே கேள்வியைக் கேட்டு, இதே விடையைத்தான் திரும்பத் திரும்பப் பெற்றார். நம் ஊர்ப் பிள்ளைகள் மட்டும் செய்யும் தவறு இல்லை இது.

8 என்று சொல்லும் பிள்ளை கவனக்குறைவாகச் சொல்வதில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து வித்தியாசத்தைப் பார், கூட்டு, கழி என்று பழகிய மனது, இங்கேயும் வித்தியாசத்தைத்தான் தேடுகிறது. விகிதப் பாடத்தின் முதல் வேலை இந்த எண்ணத்தை மாற்றுவது. நாம் செய்ய வைக்கும் பல செயல்பாடுகள் இதைத் தொடுவதே இல்லை. 2 சிவப்பு மணி, 3 நீல மணி. அடுத்து 4 சிவப்பு, 6 நீலம். அடுத்து 6, 9. இதில் பிள்ளை ஒவ்வொரு படியிலும் இரண்டும் மூன்றும் கூட்டிக்கொண்டே போகலாம். விடை சரியாக வரும், மாலையும் அழகாக இருக்கும், பழைய எண்ணம் அப்படியே உள்ளே இருக்கும். ஒரு செயல்பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: கூட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு அது தவறு என்று பொருளே காட்டிக் கொடுக்குமா? காட்டாது என்றால் அந்த ஒரு பாடவேளையை வேறு எதற்காவது செலவிடலாம்.

பெரிதாக்கும் புதிர்

இந்தச் சோதனையில் முதலிடம் பெறுவது பிரான்ஸின் கணிதக் கல்வியாளர் கீ புரூசோ உருவாக்கிய புதிர். போர்தோ நகரை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியில் பல ஆண்டுகள் நடத்திப் பார்த்த பாடங்களில் ஒன்று அது. ஒரு சதுரத்தைத் துண்டுகளாக வெட்டிக் கொடுத்து, 4 செ.மீ. பக்கம் 7 செ.மீ. ஆகும்படி எல்லாத் துண்டுகளையும் பெரிதாக்கச் சொல்வார். அவருடைய எண்கள் ஆறாம் வகுப்பின் முதல் நாளுக்குக் கொஞ்சம் கனமானவை. கீழே உள்ள அளவுகளில் 4 செ.மீ. 6 செ.மீ. ஆகிறது.

12 செ.மீ. பக்கமுள்ள சதுரம் வரையுங்கள். இடது ஓரத்திலிருந்து 4 செ.மீ. தள்ளி மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கப் பட்டையை மேலிருந்து 2, 4, 6 செ.மீ. உயரங்களில் மூன்றாகப் பிரியுங்கள். வலப்பக்கம் 8 செ.மீ. அகலம் இருக்கும், அதன் நடுவில், 6 செ.மீ. உயரத்தில் ஒரு கிடைக்கோடு. மேல் பாதியைத் தொட வேண்டாம். கீழ்ப் பாதியை 2 செ.மீ., 6 செ.மீ. அகலங்களில் இரண்டாகப் பிரியுங்கள். மொத்தம் ஆறு துண்டுகள்: 4×2, 4×4, 4×6, 8×6, 2×6, 6×6. குழுவுக்கு ஆறு பேர், ஆளுக்கு ஒரு துண்டு.

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "இந்தச் சதுரத்தைப் போலவே பெரிய சதுரம் வேண்டும், இதில் 4 செ.மீ. இருக்கும் இடம் அதில் 6 செ.மீ. இருக்க வேண்டும்." வெட்டி முடிக்கும்வரை ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. இந்த விதி முக்கியம். பேச விட்டால் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எல்லோருக்கும் அளவு சொல்லிவிடும், மற்ற ஐவரும் வெறுமனே கத்தரிப்பார்கள்.

பெரும்பாலான குழுக்களில் எல்லாப் பக்கத்துக்கும் 2 செ.மீ. கூட்டித்தான் வெட்டியிருப்பார்கள். இப்போது சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். இடப்பக்கப் பட்டையின் உயரம் 4+6+8 என்று 18 செ.மீ. வரும். வலப்பக்கம் 8+8, 16 செ.மீ.தான். மேல் விளிம்பின் அகலம் 6+10, அதாவது 16. கீழ் விளிம்பு 6+4+8, அதாவது 18. எப்படித் திருப்பி வைத்தாலும் சதுரம் வராது. ஆசிரியர் "தப்பு" என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

உடனே பிள்ளைகள் கத்தரிக்கோலைக் குறை சொல்வார்கள். அதனால்தான் வெட்டு துல்லியமாக இருக்க வேண்டும். சார்ட் தாள் சுருண்டுகொள்ளும், விளிம்பு சேராது. பழைய திருமண அழைப்பிதழ் அட்டை நன்றாக நிற்கும். அதன் பின்புறத்தில் கிராஃப் தாளை ஒட்டிவிட்டால் செங்கோணமும் கிடைக்கும், அளவும் தவறாது. கோடு போட்ட நோட்டுத் தாளோ, கட்டம் போட்ட கணக்கு நோட்டோ வேண்டாம். அவற்றின் கட்டம் பெரும்பாலும் சரியாக 1 செ.மீ. இருக்காது. ஒவ்வொரு துண்டிலும் ஓர் எழுத்தும், மேல்பக்கம் எது என்று காட்ட ஓர் அம்புக்குறியும் போட வைத்தால், திருப்பி வைத்ததால்தான் பொருந்தவில்லை என்ற வாதமும் எழாது. 2 செ.மீ. இடைவெளிக்குக் கத்தரிக்கோல் காரணமாக இருக்க முடியாது என்று அவர்களே ஒத்துக்கொள்வார்கள்.

இந்த இடத்தில் "ஒன்றரையால் பெருக்கு" என்று சொல்லிவிடத் தோன்றும். சொல்லாதீர்கள், பாடமே அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பதில் 4 செ.மீ. பக்கமுள்ள இரண்டு பழைய துண்டுகளை அருகருகே வைக்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து 8. பெரிதாக்கிய பிறகு ஒவ்வொன்றும் 6, சேர்ந்து எவ்வளவு? 12. ஆனால் 8 செ.மீ. துண்டு வைத்திருந்த பிள்ளை 10 என்று வெட்டியிருக்கிறது. ஒரே நீளத்துக்கு இரண்டு விடை இருக்க முடியாதே! இதிலிருந்து அவர்களே நகர்வார்கள். 8 என்றால் 12. 4இல் பாதி 2, ஆகவே 3. 4உம் 2உம் சேர்ந்தது 6, ஆகவே 9. கரும்பலகையில் இரண்டு பத்திகளாக எழுதி வாருங்கள். கடைசியில் "1 செ.மீ. இருந்தால்?" என்று கேட்டால் 1.5 என்ற எண் அவர்கள் வாயிலிருந்தே வரும். ஓரலகு முறை என்று புத்தகம் சொல்வதும் இதைத்தான். மறுபடி வெட்டினால் 6×3, 6×6, 6×9, 12×9, 3×9, 9×9. எல்லாம் சேர்ந்து 18 செ.மீ. சதுரம்.

மறுநாள் 4 செ.மீ.யை 7 ஆக்கச் சொல்லலாம். இதில் வேறொரு தவறு தலைகாட்டும்: "ரெண்டால பெருக்கி ஒண்ணு கழிச்சா 7 வருது." அந்த விதிப்படி 2, 3 ஆகும்; 6, 11 ஆகும். இடப்பட்டை 3+7+11, அதாவது 21. வலப்பக்கம் 11+11, அதாவது 22. வித்தியாசம் 1 செ.மீ. மட்டும் என்பதால் பிள்ளைகள் ஓரத்தைக் கொஞ்சம் சீவிப் பொருத்தப் பார்ப்பார்கள். சீவ விடாமல், இரண்டு 2 செ.மீ. துண்டுகளைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். 3உம் 3உம் 6, ஆனால் 4க்கு 7 என்றல்லவா தொடங்கினோம்? சரியான அளவுகள் 3.5, 7, 10.5, 14, சதுரத்தின் பக்கம் 21.

நாக்கு சொல்லும் விடை

நன்னாரி சர்பத் விகிதத்துக்கு நல்ல பொருள். மூன்று டம்ளர்களில் கலக்குங்கள். முதலாவதில் சிரப் 10 மி.லி., தண்ணீர் 50 மி.லி. இரண்டாவதில் 40, 80. மூன்றாவதில் 20, 100. பத்து மி.லி.யை ஒரு பங்கு என்று வைத்தால் 1:5, 4:8, 2:10.

சுவைக்கும் முன்னால் எழுதி வைக்கச் சொல்லுங்கள்: எது அதிகத் தித்திப்பு, எவை இரண்டும் ஒன்று? வித்தியாசம் பார்க்கும் பிள்ளை முதல் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்று எழுதும், இரண்டிலும் தண்ணீர் 4 பங்குதானே கூடுதல். சுவைத்தால் இரண்டாவது தொண்டையைப் பிடிக்கும். முதலாவதும் மூன்றாவதும் ஒன்றுபோல இருக்கும். எண்களை மாற்றினாலும் இந்த அமைப்பை விடாதீர்கள்: ஒரு ஜோடியில் வித்தியாசம் சமம், இன்னொரு ஜோடியில் விகிதம் சமம். 2:3 எது, 3:5 எது என்று கேட்கும் செயல்பாடுகளைப் பார்த்திருக்கிறேன். முதலாவதில் மொத்தத்தில் 40 விழுக்காடு சிரப், இரண்டாவதில் 37.5. எந்த நாக்காலும் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

பாட்டில் மூடியால் அளக்காதீர்கள். சிரப் கெட்டியானது, மூடியில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நின்றுவிடும். மருந்துக்கடையில் ஊசியில்லாத 10 மி.லி. புது சிரிஞ்சு வாங்கி அதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். ஆய்வகக் கண்ணாடிக் குவளைகள் கூடவே கூடாது, வாயில் படும் பொருள் இது. நிறத்தை வைத்து ஒப்பிடுவதாக இருந்தால் ஒரே அளவுக் கண்ணாடி டம்ளர்களில் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் உயரமாக நிரம்பிய டம்ளர் எப்போதும் அடர்த்தியாகத் தெரியும். ஒரே கலவையைக் கூட வேறென்று சொல்லிவிடுவார்கள்.

இதே டம்ளரை வைத்து இன்னொரு குழப்பத்தையும் தீர்க்கலாம். 1:5 என்றதும் பாதி வகுப்பு "ஐந்தில் ஒரு பங்கு சிரப்" என்று எழுதும். மொத்தக் கலவை 60 மி.லி., அதில் சிரப் 10. ஆறில் ஒரு பங்கு. பங்குக்குப் பங்கு வேறு, மொத்தத்தில் பங்கு வேறு. இதை விளக்கிச் சொல்வதைவிட அளவுக் குவளையில் ஊற்றிக் காட்டுவது மேல்.

ஒன்றுக்கு ஆறு

கட்டட வேலை நடக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு "ஒண்ணுக்கு நாலு", "ஒண்ணுக்கு ஆறு" என்ற பேச்சு தெரிந்திருக்கும். சிமெண்ட் ஒரு சட்டி, மணல் ஆறு சட்டி. 50 கிலோ சிமெண்ட் மூட்டையின் கன அளவு ஏறத்தாழ 35 லிட்டர், ஆகவே 1:6க்கு மணல் 210 லிட்டர். மூட்டைக்கு எத்தனை சட்டி மணல் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க, சட்டிக்கு எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று தண்ணீர் ஊற்றி அளந்தால் போதும்.

வகுப்பில் சிமெண்ட் வேண்டாம், தோலை அரிக்கும். கூழாங்கல்லும் மணலும் போதும். ஆறு டம்ளர் கூழாங்கல், ஒரு டம்ளர் மணல். கலந்தபின் ஏழு டம்ளர் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். வராது, கற்களுக்கு இடையில் மணல் இறங்கிவிடும். விகிதம் சொல்வது கலக்கும் முன் உள்ள அளவை. கலந்தபின் என்ன கன அளவு வரும் என்பது தனிக் கேள்வி.

இதைவிட எனக்குப் பிடித்தது ஈர மணல். நன்றாகக் காய்ந்த நைஸ் மணல் 4 டம்ளரை ஒரு வாளியில் கொட்டி, 50, 60 மி.லி. தண்ணீர் தெளித்துப் பிசறிவிட்டு, அழுத்தாமல் திரும்ப டம்ளரில் அளக்கச் சொல்லுங்கள். நாலு டம்ளர் ஐந்தை நெருங்கும். மணல் துகள்களைச் சுற்றி ஒட்டும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றை விலக்கி நிறுத்துகிறது. மணல் முழுவதும் மூழ்கும் அளவு தண்ணீர் விட்டால் மறுபடி பழைய அளவுக்கே இறங்கிவிடும். ஆக, ஈர மணலில் ஆறு சட்டி போட்ட கொத்தனார் உண்மையில் போட்டது ஐந்து சட்டி மணல்தானா? விகிதம் எழுதும்போது எதை, எந்த நிலையில், எந்த அளவையால் அளந்தோம் என்று சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான். புத்தகத்தில் "ஒரே அலகில் மாற்றி எழுதுக" என்று வரும் வரிக்குப் பின்னால் உள்ள காரணமும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

நிழல்

கொடிக்கம்பத்தின் உயரத்தை நிழலால் கண்டுபிடிப்பது எல்லோருக்கும் தெரிந்த செயல்பாடு. தெரிந்த உயரத்தில் முதலில் சோதிக்காமல் நேராகக் கம்பத்துக்குப் போய்விடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. கம்பத்தின் உயரம் யாருக்கும் தெரியாது, எந்த விடை சொன்னாலும் அது தவறு என்று நிரூபிக்க வழியில்லை.

ஒரு மீட்டர் ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நூலில் கட்டிய கல்லைத் தொங்கவிட்டுச் செங்குத்தைச் சரிபார்க்கலாம். நிழல் 120 செ.மீ. என்று வைப்போம். அடுத்து ஒரு மாணவியின் நிழலை அளக்கிறோம், 174 செ.மீ. உயரம் எவ்வளவு என்று கணிக்கச் சொல்லுங்கள். "நிழல் 20 கூட இருக்கு, அதனால 154" என்பவர்கள் இருப்பார்கள். விகிதப்படி 145. சுவரில் நிறுத்தி அளந்தால் விடை தெரிந்துவிடும், 9 செ.மீ. வித்தியாசம் யார் கண்ணுக்கும் தப்பாது. இதற்குப் பிறகு கம்பத்துக்குப் போகலாம். அதன் நிழல் 7.2 மீ. என்றால் உயரம் 6 மீ.

காலை 9 மணியிலிருந்து 10 மணிக்குள் செய்யுங்கள். நண்பகலில் நிழல் குட்டை, ஒரு செ.மீ. பிழைகூட விடையைப் பெரிதாக மாற்றும். ஏப்ரல் மாதத்திலும், ஆகஸ்ட் - செப்டம்பரை ஒட்டியும் தமிழ்நாட்டின் ஒவ்வோர் ஊரிலும் ஒரு நாள் உச்சிவேளையில் நிழலே விழாது. ஸ்கேலின் நிழலையும் கம்பத்தின் நிழலையும் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். கால் மணி நேரம் போனால் எண்கள் வேறாகிவிடும். கம்ப உச்சியின் நிழல் கூர்மையாக முடியாது, பத்துப் பதினைந்து செ.மீ. தூரம் மங்கிக் கரையும். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் வட்டாக இருப்பதன் விளைவு அது. மங்கலின் நடுப்பகுதியை முனையாகக் கொள்ளச் சொல்லுங்கள். தரை சரிவாக இருந்தால் இடத்தை மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

மிதிவண்டி

ஏழாம் வகுப்பில் எதிர் விகிதம் (ஒன்று இரண்டு மடங்கானால் மற்றது பாதியாவது) வரும்போது பள்ளி வாசலில் நிற்கும் ஏதாவது ஒரு கியர் இல்லாத சைக்கிளைக் கவிழ்த்து வையுங்கள். முன் பல்சக்கரத்திலும் பின் பல்சக்கரத்திலும் பற்களை எண்ண வேண்டும். எண்ணத் தொடங்கும் பல்லில் சாக்பீஸால் குறி போடாவிட்டால் எண்ணிக்கை குழுவுக்குக் குழு மாறும். 44உம் 18உம் வந்தால் விகிதம் 22:9. பெடலை 9 சுற்று சுற்றினால் பின்சக்கரம் 22 சுற்று சுற்ற வேண்டும். 44×9உம் 396, 18×22உம் 396. சங்கிலி நகரும் கண்ணிகளின் எண்ணிக்கை இரண்டு சக்கரத்துக்கும் ஒன்றுதான் என்பதால் பெருக்கற்பலன் மாறவில்லை.

வேகமாகச் சுற்றினால் கணக்கு வராது. பின்சக்கரம் ஃப்ரீவீலால் முந்திக்கொண்டு தானாகச் சுற்றும், 25, 30 என்று ஏதேதோ எண் கிடைக்கும். ஒரு மாணவர் டயரை உள்ளங்கையால் லேசாகத் தேய்த்துப் பிடித்தபடி இருக்க, இன்னொருவர் பெடலை மெதுவாகச் சுற்ற வேண்டும். டயரின் வால்வை எண்ணும் அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே விரல் போகாமல் ஆசிரியர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

எங்கே விகிதம் பொருந்தாது

இத்தனை செயல்பாடுகளும் நன்றாக நடந்த வகுப்பில் ஒரு புதுத் தொல்லை வரும்: எதைக் கொடுத்தாலும் விகிதம் போட்டுவிடுவார்கள். கொடியில் ஒரு சட்டை காய 2 மணி நேரம் என்றால் மூன்று சட்டை காய 6 மணி நேரம் என்று தயங்காமல் எழுதுவார்கள். முனை உறுப்புகளின் பெருக்கற்பலனும் நடு உறுப்புகளின் பெருக்கற்பலனும் சமம் (2:3 = 4:6 என்றால் 2×6 = 3×4) என்ற விதியைச் சீக்கிரம் கொடுத்துவிட்டால் இது இன்னும் அதிகமாகும். மூன்று எண் கண்ணில் பட்டதும் பெருக்கி வகுத்துவிடுவார்கள். அந்த விதியைப் பாடத்தின் கடைசியில் வைப்பதே நல்லது.

இதற்குத் தேசியக்கொடி உதவும். கொடியின் நீள அகலம் 3:2. அதிகாரபூர்வமான ஒன்பது அளவுகளும் 6300×4200 மி.மீ. முதல் 150×100 மி.மீ. வரை இந்த விகிதத்தை மீறுவதில்லை. சக்கரத்தின் விட்டத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். 4200 மி.மீ. அகலத்துக்கு 1295, 2400க்கு 740, 1800க்கு 555, 1200க்கு 370, 900க்கு 280, 600க்கு 185, 300க்கு 92.5, 150க்கு 40, 100க்கு 25. ஆறு அளவுகளில் 120:37 என்ற விகிதம் அப்படியே நிற்கும். 900க்கு 277.5 வர வேண்டியது 280 என்று முழு எண்ணாகியிருக்கிறது. கடைசி இரண்டும் விகிதத்தை விட்டு விலகுகின்றன, 46.25 வர வேண்டிய இடத்தில் 40, ஏறத்தாழ 31 வர வேண்டிய இடத்தில் 25. இந்த மூன்றையும் மாணவர்களே கண்டுபிடிக்க வேண்டும், முன்கூட்டிச் சொல்லக் கூடாது.

அடுத்து ஆட்டோ கட்டணம். 2013இல் சென்னைக்கு அரசு நிர்ணயித்தது முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதன்பின் ஒவ்வொரு கி.மீ.க்கும் 12 ரூபாய். தூரம் இரண்டு மடங்கானால், 3.6 கி.மீ.க்கு, கட்டணம் 50 ரூபாயா? கணக்குப் போட்டால் 46.60 வரும். 3.8 கி.மீ.க்கு 49, 5.8 கி.மீ.க்கு 73. 1.8, 3.8, 5.8 கி.மீ. ஒவ்வொன்றிலும் கட்டணத்தைத் தூரத்தால் வகுக்கச் சொல்லுங்கள்: 13.9, 12.9, 12.6 என்று இறங்கிக்கொண்டே போகும். கிராஃப் தாளில் இந்த மூன்று புள்ளிகளையும் குறித்து ஸ்கேல் வைத்தால் நேர்கோடுதான் கிடைக்கும். அந்தக் கோட்டை இடப்பக்கம் நீட்டினால் பூஜ்ஜியத்தில் போய்ச் சேராது, 3 ரூபாய் 40 காசில் போய் நிற்கும். பக்கத்திலேயே 1:5 சர்பத் கலவையின் சிரப், தண்ணீர் அளவுகளை இன்னொரு கோடாக வரைய வைத்து, இரண்டு கோட்டுக்கும் என்ன வேறுபாடு என்று எழுதச் சொன்னால், அந்தப் பாடவேளைக்கு அதுவே போதுமான வேலை.